மூன்றாவது பொட்டு

யசீகரன் அண்ணையோடு வாதாடி வென்றவர் ஓக்லாந்தில் இன்னும் பிறக்கவில்லை. மனுகாவ் கார்த் தரிப்பிடத்தில் தண்டம் எழுதிய பெண்ணிலிருந்து, பூசை பிந்தியதற்குக் காரணம் சொன்ன ஐயர் வரைக்கும் எல்லோரும் தோற்றவர்கள்தான். தோற்றவர்களிடம் கடைசியாக ஒரு வசனம் சொல்லுவார்: "நான் அப்பவே சொன்னனான்." கறி கரிந்தாலும் அவர் அப்பவே சொன்னவர். மோட்கேஜ் வட்டி ஏறினாலும் அப்பவே சொன்னவர். அவரே செய்த பிழைகூடக் கொஞ்ச நேரத்தில் சுற்றிவளைத்து அவருடைய மனைவி சுகந்தினி அக்காவின் தலையில் வந்து விடியும்.

நானும் சுகந்தினி அக்காவும் பிளாட் புஷ்ஷில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலை செய்கிறோம். என் பெயர் றொஷானி. மன்னார்க்காரி, வேதக்காரி, வாயாடி. என்னோடு வாதாடினால்தான் சோறு இறங்குகிறது என்று அண்ணை சொல்லுவார். எனக்கு அவரைக் கண்டால் பாதி நாள் எரிச்சல், மீதி நாள் பாவம் என்றிருக்கும்.

அண்ணை களஞ்சியங்களில் சாமான் தூக்குகிற போக்லிஃப்ட் திருத்துகிற மெக்கானிக். ஒரு பிறந்தநாளுக்கு மகள் அபிதா, ஆட்மோர் விமானத்திடலில் பயிற்றுநரோடு அரைமணி நேரம் பறக்க ஒரு ரிக்கற் வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை விளையாட்டாகச் செய்தது. மனிதர் அன்றைக்கு ஏறியவர், மனதளவில் இன்னும் இறங்கவில்லை. ஓவர்டைம் செய்து செய்து படித்து லைசென்ஸ் எடுத்தார். பிறகு சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தொடங்கினார்.

விமானம் என்றதும் கோடீஸ்வரன் கதை என்று நினைக்க வேண்டாம். அவர் வாங்கியது அறுபதுகளில் செய்த, நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு பழைய செஸ்னா. எங்கள் தெருவில் ஆளாளுக்கு வாங்கி நிறுத்தியிருக்கிற புது யூட் வண்டி ஒன்றைவிட விலை குறைவு. வைக்காற்றோவில் ஒரு பால்பண்ணைக்காரரிடம் இருந்தது. வாங்குவதற்கு முன் அண்ணை ரோர்ச் லைற்றோடு அதன் வாலுக்குள் தவழ்ந்து, துரு இருக்கிறதா என்று ஒரு பகல் முழுவதும் பார்த்தாராம். பண்ணைக்காரர் பாவப்பட்டு மத்தியானச் சாப்பாடு கொடுத்தாராம். வாங்கிய பிறகுதான் செலவு தெரிந்தது. கூரைக்குக் கீழே நிறுத்தக் கட்டாது என்று ஆட்மோர் புல்லிலே கயிறு போட்டுக் கட்டினார். மழை பெய்தால் இரவு எழும்பி யன்னலால் பார்ப்பாராம்.

நாலு சீற் இருந்தது, ஏறத்தான் ஆளில்லை. கோயிலில் கைகுலுக்காதவர் கிடையாது. சனிக்கிழமை வாறீங்களா என்று கேட்டால் எல்லோருக்கும் சனிக்கிழமை வேலை. மனைவியே ஏறாத விமானத்தில் மற்றவன் ஏன் ஏறுவான்? சுகந்தினி அக்காவுக்குப் பயம். அதைவிடக் கோபம். கடைசியில் ஒருநாள் என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒப்பந்தம் பேசினார்.

"ஒருக்கா வாறன். இறங்கினாப் பிறகு வேண்டாம் எண்டு சொன்னால் நீங்கள் விக்கோணும். அதுக்குமேல ஒரு கதை கதைக்கக் கூடாது."

அண்ணை தலையாட்டினார். அவருக்கு விற்பதுகூடப் பெரிதில்லை, கதைக்காமல் இருப்பதுதான் முடியாத காரியம் என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் அவர் எவரோடும் வாதாடாத மனிதராக இருந்தார். அது போனால் அவருக்கு வேறொன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அக்காவும் சாட்சிக்காரியான நானும் போய்ச் சேரும்போது அண்ணை எல்லாம் பார்த்து முடித்திருந்தார். ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகக் கை வைத்துப் பார்ப்பது விமானியின் கடமை. வழக்கமாக அதைக் கடைசியாகச் செய்வார். அன்று மனைவியைக் காக்கவைக்கக் கூடாது என்று முன்னரே செய்துவிட்டார்.

பிறகு பூசை தொடங்கியது. பூசை செய்யாத வாகனத்தில் கால் வைக்க மாட்டேன் என்று அக்கா சொல்லியிருந்தார். விமானத்துக்குப் பக்கத்தில் நெருப்புக் கூடாது என்பதால் கற்பூரம் இல்லை. மூன்று சில்லுக்கும் முன்னால் அக்கா மூன்று தேசிக்காய் வைத்தார். விமானிக்கு வழிகாட்டுகிற டாப்லெட்டை அதன் தாங்கியிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் படத்தை வைத்தார். அண்ணை டாப்லெட்டைக் காருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்படியே மறந்தார். அக்கா சந்தனத்தைத் தடிப்பாகக் குழைத்து மூன்று பொட்டு வைத்தார். ஒன்று விமானத்தின் மூக்கில். ஒன்று வலப்பக்கம். மூன்றாவது இடப்பக்கம், விமானியின் கதவுக்கு முன்னால். அங்கே நாணயம் அளவில் ஒரு பளபளப்பான உலோக வட்டம் இருந்தது. பொட்டு வைக்கவென்றே செய்து வைத்தது போலிருந்தது. அதன் நடுவில் குண்டூசி நுழையக்கூடிய ஒரு துளை இருந்ததை அக்கா கவனிக்கவில்லை. சந்தனத்தை நன்றாக அழுத்தி, மேலே குங்குமம் வைத்தார்.

வெளிக்காற்று அந்தத் துளையால் உள்ளே போனால்தான் உயரம் காட்டுகிற முள்ளும் வேகம் காட்டுகிற முள்ளும் உண்மை சொல்லும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அண்ணைக்கு எப்போதோ தெரியும். ஆனால் அந்த நேரம் அவர் மறுபக்கம் நின்று மேற்கே கறுத்து வந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெதியா ஏறுங்கோ என்றார். மறுபடி சுற்றிப் பார்க்காமல் ஏறினார். விமானம் நகர, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய்கள் நசுங்கின.

முன்னால் அவரும் அக்காவும். பின்னால் நானும் பூசைச் சாமான் பையும். அக்காவின் கைக்குள் பித்தளைக் குங்குமச் சிமிழ் இருந்தது.

ஓடி எழும்பும் வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. கிளீவ்டன் பக்கம் திரும்பும்போது அண்ணையின் பிடரி விறைத்ததைக் கண்டேன். வேகம் குறைகிறது என்று அவருக்கு முன்னாலிருந்த வேக முள் சொன்னது. வேகம் குறைந்தால் விமானம் கல்லுப்போல விழும். மூக்கைக் கீழே தள்ளினார். முள் ஏறியது. மேலே இழுத்தார், முள் மறுபடி இறங்கியது. திரும்பவும் தள்ளினார். எஞ்சின் அலறியது. ஒரு புல்வெளியில் நின்ற மாடுகளின் காதில் இருந்த மஞ்சள் அட்டைகள் எனக்குத் தெரிந்தன. நான் அருள்நிறை மந்திரத்தைப் பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அக்கா ஒரு சத்தமும் போடவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு அண்ணை உயர முள்ளைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அது நிலத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. அதோடு அவருக்கு விளங்கிவிட்டது. முட்கள் பொய் சொல்லுகின்றன, துளை அடைபட்டுவிட்டது. எதனால் என்று யோசிக்க நேரமில்லை. மேலே பெரிய விமானங்களின் பாதை, கிழக்கே மலை, மேற்கிலிருந்து வருகிற மேகம். எங்கள் உயரம் எவ்வளவு என்று தெரியாது. தாங்கியில் பிள்ளையார் இருந்தார், டாப்லெட் காரில் இருந்தது. றேடியோவில் நிலைமையைச் சொன்னார். அந்தப் பக்கம் பறந்த மற்ற விமானிகள் உடனே வழி விட்டார்கள். பிறகு அக்காவைப் பார்க்காமலே, சோறு போடச் சொல்லுகிற குரலில் சொன்னார்.

"சுகந்தி, கீழ்வரிசையில கடைசி வட்டம் தெரியுதே? அந்தக் கண்ணாடியைச் சிமிழால அடிச்சு உடையும்."

அக்கா சிமிழைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார்.

"உடைச்சால் உள்காத்துப் போகும். முள்ளு உண்மை சொல்லும். நான் கையை எடுக்கேலாது. நீர்தான் உடைக்கோணும்."

ஏறும்போது கதவுப் பிடியைத் தொடவே பயந்த மனுசி, அண்ணைக்கு முன்னால் எட்டிச் சாய்ந்து அடித்தார். முதல் அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது அடியில் கண்ணாடி நொறுங்கியது. குங்குமம் எல்லோர் மேலும் கொட்டியது. உயர முள் கொஞ்சம் துடித்து, பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. அண்ணை மூச்சு விட்டது தலையில் மாட்டியிருந்த கருவியூடாக என் காதுக்குள் கேட்டது. அக்கா கடைசி வரைக்கும் அந்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாங்கள் கொஞ்சம் வேகமாகவே வந்து, ஒருமுறை துள்ளி, ஓடுபாதையின் முடிவுக்குக் கிட்ட நின்றோம்.

விமானம் பழைய இடத்துக்கு உருண்டு வந்ததும் அக்கா இறங்கிப் புல்லில் இருந்துவிட்டார். விரல் வெட்டியிருந்தது. என் கைலேஞ்சியால் சுற்றிக் கட்டினேன். அண்ணை விமானத்தைச் சுற்றிக் கை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். இடப்பக்கம் வந்ததும் கை நின்றது. வெயிலிலும் காற்றிலும் காய்ந்து இறுகிய மஞ்சள் வட்டத்தை அவர் பார்த்தார். நானும் அவர் பார்த்ததைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா சொன்னார், "இனிக் காணும். பிளேன் பழசு. வித்துப்போடுங்கோ."

நான் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். நான் அப்பவே சொன்னனான், பூசை வேண்டாம் எண்டு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். விமானத்தில் ஒரு குறையும் இல்லை, பிழை உன்ரை பொட்டில் என்று விரலால் காட்டினால் போதும். விமானம் அவரிடமே இருக்கும். அக்கா உயிருள்ளவரை மூன்று பேரைக் கொல்லப் பார்த்தவளாகத் திரிவார்.

அண்ணை பெருவிரலால் அந்தப் பொட்டைத் தேய்த்தார். கையைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு வந்தார்.

"ஓம். பழசுதான். விப்பம்."

உண்மையைச் சொல்லாமல் விமானத்தை விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். நான் வாயை மூடினேன். மன்னாரில் என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

நசிந்த தேசிக்காய்களைப் பொறுக்க அக்கா எழும்பினார், திடலில் குப்பை போடக் கூடாதாம். விமானத்தின் மூக்கில் பொட்டு இருந்தது. வலப்பக்கமும் இருந்தது. இடப்பக்கம் கலைந்திருந்தது. குனிந்தார். கட்டுப்போட்ட விரலை விட்டு மற்ற விரலால் அந்த வட்டத்தைத் தடவினார். பிறகு எங்களிடம் வந்தார்.

"கையைக் காட்டுங்கோ."

அண்ணை இடக்கையைக் காட்டினார்.

"மற்றக் கையை."

பெருவிரல் மஞ்சளாக இருந்தது.

"இவ்வளவு காலமும் உங்கடை பிழையெல்லாம் என்ரை தலையில கட்டினனீங்கள். இண்டைக்கு என்ரை பிழையைக் கொண்டுபோய் ஏன் பிளேனிலை கட்டுறீங்கள்?"

"உம்மடை பிழையில்லை," என்றார் அண்ணை. "ஏறமுதல் நான் சுத்திப் பாக்கேல்லை."

அக்கா அழுதார். அண்ணை பக்கத்தில் இருந்தார், ஒன்றும் கதைக்கவில்லை. ஒப்பந்தம் அப்படித்தானே. அழுது முடிந்ததும் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, விற்கிறதைப் பற்றிப் பிறகு பார்ப்போம், முதலில் தெரிந்த ஆளைக் கொண்டு அந்தத் துளையைத் துப்பரவாக்குங்கள் என்றார்.

விமானம் இன்னும் ஆட்மோர் புல்லில்தான் நிற்கிறது. எஞ்சினியர் துளையைச் சுத்தம் செய்து, புதுக் கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டால் எனக்கும் சனிக்கிழமை வேலை. ஒருநாள் மட்டும் கீழே நின்று பார்க்கப் போனேன். விமானத்தில் ஒரு பொட்டும் இல்லை. அக்கா சந்தனத்தை அண்ணையின் நெற்றியில் வைத்தார். பிறகு தனியாக விமானத்தைச் சுற்றி வந்தார், பிள்ளையாரைச் சுற்றுவதுபோல வலமாக. இடப்பக்கத்து வட்டத்தின் முன் வந்து குனிந்து துளையைப் பார்த்தார். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு, அக்கா "ஓம்" என்று சொல்லும் வரைக்கும் பேசாமல் நின்றார்.