ஓடை வழிக்குச் சூப் கிடையாது

தாத்ரா மலையில் பனிக்காலத்தில் ஒரு சிகரம் ஏற இரண்டு வழிகள். ஓடை வழி குறுக்கு. ஆனால் பனி சரிந்து ஆளை மூடிவிடும். முகட்டு வழி சுற்று. எதில் போகலாம் என்று கேட்டால், மலைவிடுதிச் சமையல்காரி ப்ரோன்கா புளித்த முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறியபடியே சொல்வாள்: "ஓடை வழி போறவங்களுக்கு நான் கிண்ணம் எடுத்து வைக்கிறதில்ல."

ஆட்டு விலா போட்ட அந்தச் சூப்புக்காகவே பலர் முகட்டில் ஏறினார்கள்.

அன்று அவள் புருஷனே ஓடை வழிதான் போவேன் என்று அடம்பிடித்தான். யென்ட்ரெக் மலை வழிகாட்டி. "பனி இறுகிக் கெடக்கு, சரியாது. எனக்கே பாடம் நடத்தாத."

"அந்த ஓடைக்கு யார் பேரு? அதுல செத்தவன் பேருதானே. அவனும் இறுகிக் கெடக்குன்னுதான் சொன்னான்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

பொழுது சாய, மீசையெல்லாம் பனி உறைந்து, முகட்டுப் பக்கமிருந்து இறங்கி வந்தான். "ஓடைல பனி எளகிக் கெடந்துச்சு. நானாத்தான் வழிய மாத்துனேன்" என்றான், யாரும் கேட்காமலே.

மேசையில் அவன் கிண்ணம் ஏற்கெனவே இருந்தது.

"முகட்டுல போவேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் ப்ரோன்கா. "ஓடைல போயிருந்தாலும் வச்சிருப்பேன். வெளியில சொல்லித் தொலைக்காத."