நெயில் பாலிஷில் எழுதிய பாட்டில்கள்

அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள் காலை சமையலறைத் தரையில் 'வெந்தயம்' என்று விழுந்திருந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. ஜன்னல் மேடையில் யாரோ எடுத்து வைத்திருந்த பாட்டிலின் எழுத்துப் பக்கம் வெளியே பார்த்திருந்தது. வெயில் அதற்குள் புகுந்து, அம்மா கையால் எழுதியதை நிழலாகத் தரையில் போட்டிருந்தது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். யோசனைதான் வந்தது. உள்ளே ஒரு விளக்கு வைத்தால் இது சுவரில் விழுமே. கார்த்திகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அம்மா கண்ணாடி பாட்டில் எதையும் தூக்கிப் போட்டதில்லை. ஜாம், தேன், காப்பித்தூள், கடை ஊறுகாய் என்று எது தீர்ந்தாலும் வெந்நீரில் ஊறவைத்து, லேபிளை உரித்து, பசை போகத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து பரணில் ஏற்றிவிடுவார். உபயோகத்தில் இருந்தவற்றில் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று மெரூன் கலர் நெயில் பாலிஷால் எழுதுவார். பேனா மை நிற்காதாம். நகத்தில் அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. எழுதிய பாட்டில்கள் மொத்தம் பதினொன்று.

அன்றைக்கே பத்தாகிவிட்டது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து துணைக்குத் தங்கியிருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பாத்திரமெல்லாம் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். 'மிளகு' போய்விட்டது. பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தார். நான் எடுத்துப் பார்ப்பதைக் கண்டு, "அழுக்கு மாதிரி இருந்துச்சி பாப்பா, எழுத்துன்னு தெரியல" என்றார். பரவாயில்லை அத்தை என்றேன். பரவாயில்லை என்றுதான் இருந்தது. மிச்சத்தை எடுத்து என் அறை அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

துக்க வீட்டில் வருஷம் திரும்புகிறவரை பண்டிகை கிடையாது. கார்த்திகைக்கு வாசலில் வரிசை விளக்கு கூடாது, பொரி உருண்டை பிடிக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்குள் ஒரு விளக்கு எரியலாம், எரிய வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டுப் போனார். என் பாட்டிலுக்கு அது போதும். அடியில் இரண்டு விரல் மணல், மேலே ஒரு குட்டி அகல், கொஞ்சமாய் எண்ணெய். கார்த்திகைக்கு முன்பே ஒத்திகையாக ஏற்றினேன். இடம் வலம் மாறி, சுவரில் ஒரு முழத்துக்கு 'சீரகம்' விழுந்தது. அப்பா வந்து நின்று பார்த்தார். நான் திரியின் நீளம் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அதைத் தவிர வேறு எதுவும் எனக்குள் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் எழுத்தின் ஓரம் சூட்டில் சுருண்டது. விரல் பட்டதும் ஒரு துணுக்கு வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

பீங்கான் சாமான் செய்யும் எங்கள் ஊரில் ஒரு வண்ணம் அழியாமல் நிற்க வேண்டுமென்றால் சூளைக்குக் கொடுப்போம். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. அப்பாவுக்கோ, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து செராமிக் யூனிட்டில் சூளைப் பக்கம்தான் வேலை. காலையில் அவர் இட்லி சாப்பிடும்போது கேட்டேன், இந்த எழுத்தை வேகவைத்தால் நிற்குமா என்று. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வேகவெச்சா நிக்கும்" என்றார். கடுகை ஒரு பேப்பரில் கொட்டிவிட்டு, பாட்டிலைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

கார்த்திகை நெருக்கம். சூளை நிறைய அகல்தான். மேல் தட்டில் அகல்களுக்கு நடுவே பாட்டிலை வைத்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்தார். தோசை மாதிரி பரந்து கிடந்த பச்சையோடிய கண்ணாடி, அதில் பாதி முழுகினாற்போல் மூன்று அகல். எழுத்து இருந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை.

"கண்ணாடி உருகும்னு எனக்குத் தெரியாதா," என்றார் அப்பா. "தெரியும். வெக்கும்போது தெரியல."

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். எனக்கும் தெரியும். செராமிக் சாமானுக்கு வரும் பளபளப்பே மேலே உருகி ஓடும் கண்ணாடிதான் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்று அந்த இரண்டு நாளும் எங்கே போயிருந்தது என்று புரியவில்லை.

தட்டு பாழ், ஒரு வரிசை அகல் பாழ். ஓனர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்கன்னாரு." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "முன்னாடின்னா திட்டியிருப்பாரு. திட்டியிருக்கலாம்" என்றார்.

நான் சாதம் போட்டேன். சாப்பிட்டோம். பொட்டலம் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

அன்று சாயங்காலமே செல்போனில் தேட ஆரம்பித்துவிட்டேன். என் சுபாவம் அது, கை சும்மா இருக்காது. நெயில் பாலிஷ் சூளையின் எவ்வளவு குறைந்த சூட்டிலும் எரிந்துதான் போகுமாம். கண்ணாடிக்கென்று தனி வண்ணம் இருக்கிறது, அதைக் குறைந்த சூட்டில் சுட்டால் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் அம்மாவின் எழுத்தின் மேலேயே, கோடு பிசகாமல், நான் வரைய வேண்டும். அடியில் இருப்பது எரிந்து போகும். மேலே நிற்பது அவர் எழுத்தின் வடிவம், என் கைக்கோடு. அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மிச்சம் ஒன்பதுதான், அவையும் உரிந்துகொண்டிருக்கின்றன.

அப்பாவிடம் சொன்னேன். டீ கப்பில் பூப்படம் ஒட்டிச் சுடும் சின்ன சூளை ஒன்று இருக்கிறது, அதையும் முழுச் சூட்டுக்கு விடாமல் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். சுட்ட பிறகு திறக்கக் கூடாது, தானாக ஆற வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும் என்றார். அம்மா போனபிறகு அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்துவிட்டுக் கடைசியாக, "மறுபடியும் அவ எழுத்த குடுக்காத. மொதல்ல வெறும் பாட்டில் குடு" என்றார்.

கார்த்திகையன்று எழுதாத தேன் பாட்டில் ஒன்றில் விளக்கு ஏற்றினோம். சுவரில் வெளிச்சம் மட்டும் விழுந்தது. எதிர்வீட்டிலிருந்து பொரி உருண்டை வந்தது. தின்றோம்.

போன வாரம் வண்ணமும் மெல்லிய தூரிகையும் பார்சலில் வந்தன. பட்டர் பேப்பரைப் பாட்டிலில் சுற்றி அம்மாவின் எழுத்துகளைப் படி எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். 'ர'வின் காலை அவர் கொஞ்சம் வெளியே இழுத்து விடுவார். என் கை அதை நேராக்கப் பார்க்கிறது. நேராக்கக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் மற்ற வேலை இல்லை. ஓனர் சரி என்றுவிட்டார். அப்பா ஆறுகிறவரை பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு ஜாம் பாட்டில். அதில் என் கையெழுத்தில் 'ரவை' என்று எழுதப்போகிறேன். நிற்காவிட்டால் சூட்டை மாற்றி இன்னொரு ஜாம் பாட்டில். நின்றால், அடுத்த ஞாயிறு 'சீரகம்'.