ஏற முடியாத நடைபாதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருவனந்தபுரத்தில் ஒரு மழைக்காலக் காலை. ஸ்ரீவராகத்திலிருந்து பழவங்காடி வழியாக அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். சாலைகளுக்கு வரைபடம் போடும் பொறியாளர் நான். அந்த வழியில் புதிதாகக் கட்டியிருந்த நடைபாதையும் நான் வரைந்ததுதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அன்று முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், நல்ல பருமன், நடைபாதையை விட்டுவிட்டு பஸ்கள் ஓடும் சாலையில் நடந்து கொண்டிருந்தார். எரிச்சலில் வண்டியை நிறுத்தி, பிறகெதற்கு நடைபாதை என்று மலையாளத்தில் சத்தம் போட்டேன். என் இழுவையிலேயே தமிழன் என்று கண்டுகொண்டார் போலிருக்கிறது, மலையாளம் கலந்த தமிழிலேயே பதில் சொன்னார்.

"உடம்புத் தடி குறைய டாக்டர் நடக்கச் சொன்னார் சார். பஸ்ஸை விட்டுட்டு ஜவுளிக்கடை வேலைக்கு நடந்தே போறேன். ஆனா இவ்வளவு உயரத்துல ஏற எனக்கு வய்யா, முடியல. முட்டு வலி சம்மதிக்காது. சார் ஒரு தடவை நடந்து பாருங்கோ."

ரோஷத்தோடு ஏறினேன். பத்தடிக்குள் ஒரு வீட்டு வாசல், இறங்க வேண்டும். மறுபடி ஏற்றம். அடுத்து ஒரு கடை. காகிதத்தில் நேர்கோடாக இருந்தது, காலுக்கு அப்படி இல்லை. நான்காவது ஏற்றத்தில் என் தொப்பைக்கு மூச்சு இரைத்தது. அடுத்து இறங்கும்போது செருப்பு வழுக்கி, சாலைக்குள் தடுமாறிப் போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன். அதே நொடியில் யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். பஸ் உரசாத குறையாகப் போனது. திரும்பினால், அந்தப் பெண்!

நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். மறைக்க மனம் வரவில்லை.

"இதை வரைஞ்சதே நான்தாம்மா."

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "அப்போ நல்லதாப் போச்சு. திருத்தவும் சாருக்குத் தெரியுமல்லோ?" என்றார்.

கோப்பு நகரப் பல மாதங்கள் ஆயின. உயரத்தைக் குறைத்து, வாசல்களில் இறங்காமலே போகும்படி செய்தோம். அந்த ஒரு சாலையில் மட்டும்தான் முடிந்தது. இப்போது அவர் தினமும் அதில் நடக்கிறார், வலி குறைந்திருக்கிறதாம். ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு நானும் அலுவலகம் இருக்கும் தம்பானூர் வரை நடக்கிறேன். பேன்ட்டெல்லாம் தளர்ந்துவிட்டது.

நடைபாதையில் நடக்காதவர்களைச் சோம்பேறி என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை. நான் திட்டிய அந்தப் பெண் அன்று இழுத்துப் பிடித்திருக்காவிட்டால், இதைப் புரிந்துகொள்ள நான் இருந்திருக்கவே மாட்டேன்.