விளிம்பில் ஒரு விரல்

என் தம்பிக்குக் கிடைக்காது என்று மற்றவர்கள் சொல்லி, பிறகு அவனுக்குக் கிடைத்தவை இவை. சிறுவயதில் வந்த காய்ச்சலில் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொன்ன பிறகும் உயிர். இரும்புக் கதவு இடது கைச் சுண்டுவிரலைப் பாதியில் நறுக்கிய பிறகும் கிட்டார் வாசிப்பு. "இதுல ஒரு பாட்டை முழுசா வாசிச்சுட்டா நீயே எடுத்துட்டுப் போ" என்று முடிதிருத்தும் கடைக்காரர் கேலிக்குச் சொன்ன பழைய கிட்டார். நடன அரங்கின் இசைக்குழுவில் ஓர் இடம். "கம்பி தட்டுறவனுக்கா பொண்ணு?" என்று கேட்டவருடைய மகள். கடைசியாக, தன் பெயரில் ஓர் இசைத்தட்டு.

அந்தக் கடைசி ஒன்றை மட்டும் அவன் இரண்டு தடவை ஜெயிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிட்டாரில் கம்பியை அழுத்த நான்கு விரல் வேண்டும். இவனுக்கு மூன்றரை. இசைக்குழுவில் சேர்ந்த முதல் நாளே டிரம் வாசிப்பவர் "வாய்யா மூணரை" என்று கூப்பிட்டார். அதோடு அப்பா வைத்த பெயர் வீட்டுக்குள் அடங்கிவிட்டது. இவன் கோபித்துக்கொள்ளவில்லை. "நாலுன்னு கூப்பிட்டா பொய்யாயிடும்ல?" என்றான்.

படிப்பு அவனுக்கு ஒட்டவில்லை. காய்ச்சல் ஒரு வருஷத்தைத் தின்றது. திரும்பிப் போனபோது தன்னைவிட ஒரு சாண் குட்டையான பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது; நின்றுவிட்டான். பஸ் நம்பர் படிப்பான், விலைப்பலகை படிப்பான். எழுத வராது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பான். ரசிகர் யாராவது கையெழுத்துக் கேட்டால், அரை விரலைத் தூக்கிக் காட்டி, "விரல் இல்லைங்களே" என்று சிரிப்பான். அந்த விரல் இருப்பது இடது கையில். அவன் எழுதியிருந்தால் வலது கையால்தான் எழுதியிருப்பான். ஒருவர்கூட இதைக் கவனித்ததில்லை.

நடன அரங்கின் பாடகி சோல் பாட்டுப் பாடுகிறவர். தொண்டையிலிருந்து இல்லாமல் அடிவயிற்றிலிருந்து வருகிற பாட்டு. கேட்கிறவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். அவருக்குக் கனத்த குரல். அதற்கு ஏற்ற மாதிரி இவன் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் சுருதியில் அரைக்கட்டை இறக்கி வைத்துக்கொண்டான். பேஸ் கிட்டார்க்காரரும் அப்படியே செய்தார். கம்பி தளர்ந்ததில் இவனுடைய அரை விரலுக்கும் சுகம். நாளடைவில் வேறு மாதிரி சுருதி வைக்கவே மறந்துபோனான்.

அவன் வாசிப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதிகம் வாசிக்க மாட்டான். பாடகி ஒரு வரியைப் பாடி மூச்சு எடுக்கிற இடம் இருக்கிறது இல்லையா, அங்கே மட்டும் இரண்டு மூன்று சுரம் வைப்பான். பாதி வாக்கியத்தில் பக்கத்தில் இருப்பவர் "ம்" கொட்டுவது போல இருக்கும். அதை எடுத்துவிட்டால் பாட்டு தனியாகப் பேசுகிறவரின் பேச்சு மாதிரி ஆகிவிடும். இது பாடகியே மேடையில் சொன்னது. பல வருஷம் அவருடைய எல்லா இசைத்தட்டிலும் இவன் வாசித்தான். உறையின் பின்பக்கம் கடைசியில், பொடி எழுத்தில், "கிட்டார்: மூணரை."

1977இல் பாடகிக்குத் தொண்டைப் புண் வந்தது. இரண்டு நாள் பதிவுக்கென்று ஒலிப்பதிவுக்கூடத்தை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்; அது வீணாகப் போகப்போகிறது. "நீ உன் பாட்டை வாசிச்சு வைடா, போய்" என்று பாடகியே அனுப்பிவைத்தார். ஆர்கன் வாசிப்பவர் ஊரில் இல்லை. கிட்டார், பேஸ், டிரம் மூன்று மட்டும். எட்டுப் பாட்டு. ஏழில் குரலே கிடையாது. எட்டாவதில் இவன் முணுமுணுக்கிறான்.

இரண்டாவது பாட்டின் பெயர் "ஈரச் சட்டை." நான் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் துணி துவைக்கிற நாள். ஈரத் துணியை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, அடுத்ததை எடுக்கிற என் வேகத்துக்கே அந்தப் பாட்டை அமைத்தான். மாடிப்படியில் உட்கார்ந்து, நான் உதறுகிற நேரத்தில் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பான். "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு அந்த வாளியைத் தூக்கலாம்ல?" என்று கேட்டால், "வேலைதானே அக்கா பார்க்கிறேன்" என்பான்.

ஒலிப்பதிவுக்கூடத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் டேப் அண்ணன் என்போம். தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர். தம்பியை இந்தத் தொழிலுக்குள் இழுத்து உட்கார வைத்தவரே அவர்தான். அந்த வாரம் தெருவில் மின்சாரம் தள்ளாடியது. விளக்குகள் மங்கியும் பளிச்சிட்டும் எரிந்தன. பதிவு முடிந்து டேப்பைப் போட்டுக் கேட்ட டேப் அண்ணனுக்குத் திக்கென்றது. யாரும் அழுத்தாத வெறுங்கம்பி ஒலிக்கிற இடத்தில், இருக்க வேண்டிய சுருதியைவிட அரைக்கட்டை குறைந்து ஒலித்தது. பாடகியின் பாட்டுகளில் சுருதி மாறாத ஆர்கன் இருக்கும். அதை வைத்தே அவர் சுருதி பார்ப்பார். கிட்டார்க் கம்பி எப்படி முறுக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. ஆக, மின்சாரம் தாறுமாறாக வந்ததில் பதிவின்போது இயந்திரம் வேகமாக ஓடிவிட்டது, அதனால்தான் கேட்கும்போது சுருதி இறங்கி ஒலிக்கிறது என்று முடிவு கட்டினார். தன் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் போட்டு, எட்டுப் பாட்டையும் ஒரு துளி வேகமாக்கி, வெறுங்கம்பியை அதன் "சரியான" சுருதிக்கு ஏற்றி, அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

இசைத்தட்டு வந்த அன்று அவரே கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டேய் மூணரை, உன் ஆல்பம் செத்துப் பிழைச்சுது தெரியுமா? மெஷின் காலை வாரிவிட்டுடுச்சு. நான் மட்டும் கவனிக்கலைன்னா சவசவன்னு போயிருக்கும். காப்பாத்திட்டேன்."

தம்பி அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அவர் போன பிறகுதான் தட்டைப் போட்டோம். முதல் பாட்டு எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தொடங்கியதும் எனக்கே ஏதோ இடித்தது. தம்பி என்னைப் பார்த்தான்.

"யாரு அக்கா இவ்வளவு அவசரமா துணி காயப்போடுறா? மழை வருதா?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. சுழல்கிற தட்டின் விளிம்பில் அரை விரலைப் பூப்போல வைத்தான். தட்டு கொஞ்சம் தயங்கியது. விரலை இன்னும் ஒரு மயிரிழை அழுத்தினான். கிட்டார் இறங்கியது, கனத்தது, தோளைத் தொங்கப்போட்டு நடக்க ஆரம்பித்தது. என் ஞாயிற்றுக்கிழமைக் கொடி அப்படியே கண்முன் வந்தது.

"இதுதான் நான் வாசிச்சது" என்றான்.

"அப்போ அண்ணன்கிட்ட சொல்லுடா. திருத்தித் தருவாரு."

"அச்சடிச்சாச்சு அக்கா. இப்போ சொன்னா வேலையை விட்டுட்டுப் போயிடுவாரு. அவரு குணம் உனக்குத் தெரியாது. எனக்காக ஒரு ஞாயித்துக்கிழமையைக் கொடுத்த மனுஷன். நீயும் வாயைத் திறக்காதே."

திறக்கவில்லை. பத்திரிகை ஒன்றில் நாலு வரி வந்தது: "இனிமையாக இருக்கிறது, ஆனால் எங்கேயோ போக வேண்டிய அவசரம் தெரிகிறது." அதைப் படித்துக் காட்டினேன். "காது உள்ள ஆளு" என்று மட்டும் சொன்னான். தட்டு கடைகளில் தங்கிவிட்டது. அவன் பாடகியின் பின்னால், தன் இடத்துக்குத் திரும்பிப் போனான். எப்போதாவது அவன் மனைவி, "உங்க ஆல்பத்தைப் போடுங்களேன்" என்பாள். அவன் விளிம்பில் விரல் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பான். ஒரு பக்கம் முடிவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். அந்தத் தட்டை உள்ளபடி கேட்டவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர்தான்.

டேப் அண்ணன் ஓய்வு பெற்றார். வழியில் பார்த்தால், கூட யார் இருந்தாலும், "இவன் ஆல்பத்தை அன்னைக்கு நான்தான் காப்பாத்தினேன்" என்று ஆரம்பித்துவிடுவார். தம்பி தலையாட்டுவான்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிற்று. அந்த வருஷம் ஓர் இசைக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். பழைய சோல் ஆல்பங்களைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடுகிறவர். தம்பியின் தட்டைப் பழைய சாமான் கடையில் எடுத்தாராம். நல்ல மனுஷி; கிட்டாரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

"இது எப்படிங்க யார் கண்ணிலும் படாமல் போச்சு? அப்படியே திரும்பப் போடப்போறோம். நீங்க சரின்னு சொன்னா போதும்."

"வேண்டாம்மா" என்றான் தம்பி.

அவர் திகைத்துப்போனார். நானும்தான். அவர் போன பிறகு, "கதவைத் தட்டி வந்ததை விடுறியேடா" என்றேன்.

"தப்பான வேகத்துல ஒரு தடவை வந்துச்சு, அது போகட்டும். ரெண்டாவது தடவையும் அப்படியே வந்தா, நான் வாசிச்சதே அதுதான்னு ஆயிடும் அக்கா. சரி பண்ணுங்கன்னு சொன்னா, ஏன்னு கேட்பாங்க. அந்த மனுஷன் இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கிற ஒரே பெருமை அது. அதை நான் எப்படிப் பிடுங்குறது?"

அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஐம்பது தாண்டிய ஆள். வேறொரு கம்பெனி தேடி வரும் என்று நம்புகிற வயதில்லை.

கம்பெனி அம்மா சும்மா இருக்கவில்லை. உறையின் பின்பக்கத்தில் இருந்த இன்னொரு பெயரைத் தேடிப்போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப் அண்ணன் கைத்தடியோடு எங்கள் மாடிப்படி ஏறினார். மூச்சு வாங்குகிறது, திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"ஏன்டா, உனக்கு என்ன கொழுப்பா? தேடி வந்தவங்களை வேண்டாம்னு அனுப்பியிருக்கே. நான் உயிரைக் கொடுத்துக் காப்பாத்தின ஆல்பம்டா அது!"

"உட்காருங்கண்ணே. டீ குடிங்க."

"டீ கிடக்கட்டும். காரணத்தைச் சொல்லு."

தம்பி தட்டை எடுத்துத் துடைத்து, இரண்டாவது பாட்டில் ஊசியை வைத்தான். டேப் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பெருமையில் தலை ஆடியது.

"அண்ணே, ஓரத்துல விரலை வைங்க."

"எதுக்குடா?"

"வைங்க. லேசா. உங்க காதுக்கு எங்கே நல்லா இருக்குதோ அங்கே நிறுத்துங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் முறைத்துக்கொண்டே ஆள்காட்டி விரலை வைத்தார். முதலில் அதிகமாக அழுத்திவிட்டார்; பாட்டு குடிகாரனைப் போலத் தள்ளாடியது. விட்டார். மறுபடி வைத்தார். கிட்டார் மெல்ல இறங்கியது. ஓர் இடத்தில் அவர் கை தானாக நின்றது. தம்பியின் அரை விரல் இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருந்த அதே இடம். பாட்டு முடியும் வரை அவர் அசையவில்லை.

"இது நான் துணி போடுற வேகம்ணே" என்றேன்.

அவர் ஊசியைத் தூக்கி வைத்தார். "கம்பியை இறக்கி வச்சிருந்தியா?"

"எப்பவும் இறக்கித்தாண்ணே வைப்பேன். அவங்க குரலுக்காக."

"மெஷின் நல்லாத்தான் ஓடியிருக்கு."

"ஆமாண்ணே."

அவர் கைத்தடியால் தம்பியின் காலில் ஒரு தட்டுத் தட்டினார். "இருபத்திரண்டு வருஷமா ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனேடா, படவா! ஒரு தடவை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வேலையை விட்டிருப்பீங்க."

"விட்டிருப்பேன்தான்." டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஆறிப்போயிருந்தது. "என் பீரோவுல அந்த முதல் டேப் இருக்கு. ஞாபகத்துக்குன்னு வச்சேன். போய் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணு. வேகத்தை நான்தான் வைப்பேன், வேற எவனும் அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லு."

அப்படியே நடந்தது. கம்பெனியின் புது இயந்திரத்துக்கு முன்னால் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் ஒரு வேலையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. டேப்பை அது பதிவான வேகத்திலேயே ஓடவிட்டால் போதும். ஆனாலும் எட்டுப் பாட்டையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் "ம், போகட்டும்" என்று தனித்தனியாகச் சொன்ன பிறகுதான் எழுந்தார். புது உறையில் அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: "முதல் பதிப்பில் தப்பு செய்தவரும் இவரே." அதைப் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவர் அவர். வழியில் யாரைப் பார்த்தாலும் இப்போது அந்தக் கதையைத்தான் சொல்கிறார், முன்னைவிட நீளமாக.

முதல் பிரதிகள் வந்த அன்று எல்லோரும் எங்கள் வீட்டில் இருந்தோம். மேல் பிரதியைத் தம்பி டேப் அண்ணனிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுக் கொடு."

தம்பி வழக்கம்போல அரை விரலைத் தூக்கினான். "விரல் இல்லைங்களே."

"அது இடது கைடா" என்றார் டேப் அண்ணன். "நான் என்ன, இன்னைக்குத்தான் உன்னைப் பார்க்கிறேனா?"

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் வாயை மூடிச் சிரித்தாள். கம்பெனி அம்மாவுக்குப் போன் பண்ணிய நாளிலிருந்தே காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் அவள் அவனுக்கு எழுதப் பழக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூணரை என்று இல்லை, அப்பா வைத்த பெயர். பேனாவை வாங்கி, உறையை முழங்காலில் வைத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஓர் எழுத்தை வைத்து, நின்று, அடுத்த எழுத்தை வைத்தான். அவன் கிட்டார் வாசிக்கிற அதே நிதானம். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி எழுத்து உறையின் விளிம்பைத் தொட்டு நின்றது. தேதியை மட்டும் என்னை எழுதச் சொன்னான். எழுதினேன்: 1999 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை.