கலங்கலுக்குத் திறந்த மடை

கொள்ளிடத்தின் வடகரையில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் திட்டப் பொறியாளனாக இருந்தேன். கல்லை மூடியிருக்கும் மண்ணை எவ்வரிசையில் அகற்றுவது, எங்கே குவிப்பது என்று வரைந்து கொடுப்பது என் வேலை.

கழிவுமண் மேட்டின் அடியில் ஒரு வயல் இருந்தது. காவிரி பாயும் குடவாசல் பக்கத்திலிருந்து வந்த கணவனும் மனைவியும் வாங்கியது. இருவரின் பெற்றோரும் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அக்குடும்பம் தன் பெயரில் பட்டா கண்ட முதல் நிலம் அது. ஆகவே மேட்டைச் சுற்றி ஒரு வாய்க்காலும், சேறு படிய ஒரு குட்டையும் வரைந்திருந்தேன். மழைக்கு முன் வெட்டிவிடுமாறு மேலாளரிடம் வற்புறுத்தினேன்.

“வண்டியெல்லாம் கல்லெடுக்கப் போயிருக்கு சார். மழை வரட்டும், பாத்துக்கலாம்.”

“மழை வந்தப்புறம் பாக்குறதுக்கு வாய்க்கால் எதுக்கு சார்? குடை போதுமே.”

சிரித்தார். வாய்க்கால் வெட்டப்படவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பகலெல்லாம் கொட்டியது. மேட்டிலிருந்து கலங்கல் நீர் இறங்கிற்று. வயலுக்குரியவர் மண்வெட்டியோடு ஓடினார். ஓடி, மடையை அடைக்கவில்லை, அகலத் திறந்தார். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார். அங்கே கலங்கல் என்றால் வண்டல். அதை வயலுக்குள் விடுவது கை தானாகச் செய்யும் செயல். இங்கே வந்ததோ சுண்ணாம்புக் களி. நீர் வடிந்ததும் இளஞ்சம்பாவின் குருத்துவரை வெளுத்துப் படிந்து, வெயிலில் ஓடாக இறுகியது.

மேலாளரை அழைத்துப்போய்க் காட்டினேன்.

“மடைய நாங்களா தொறந்தோம்? அவருதானே தொறந்தாரு!”

வரப்பில் நின்ற மனைவி விடவில்லை. “ஆமாங்க, நாங்கதான் தொறந்தோம். அந்த மேட்டையும் நாங்கதான் கொட்டுனோமா?”

மேலாளர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அலுவலகம் திரும்பியதும் என்னிடம் வாய் திறந்தார்.

“மேட்டுக்கு எடம் பத்தல சார். அந்த வயல எழுதி வாங்கிடலாம். இனிமே அதுல என்ன வெளையப் போவுது? பிளான்ல தரிசுன்னு போட்டுருங்க.”

நிலத்தைக் கெடுப்பது, கெட்ட நிலமென்று பெயரிடுவது, பிறகு அதன்மேலேயே கழிவைக் கொட்டுவது: இத்தனைக்கும் என் கையெழுத்து வேண்டுமாம்! வயலை நஞ்சை என்றே குறித்தேன். இனி வரும் கழிவுமண் கல்லெடுத்து முடித்த பள்ளத்துக்கே திரும்ப வேண்டுமென எழுதினேன்.

“இத மேல அனுப்ப முடியாது சார்.”

“அப்ப நான் அனுப்புறேன்.”

அனுப்பினேன். அத்தோடு நிற்க மனம் ஒப்பவில்லை. தோண்டுமுன் வழித்தெடுத்த வளமான மேல்மண்ணை என் பொறுப்பில் தனியே குவித்திருந்தோம்; களியோட்டைச் சுரண்டச் செய்து, அம்மண்ணை அவ்வயலுக்கே வண்டிகளில் ஏற்றிப்போய்க் கொட்டச் சொன்னேன்.

பாதி வயல் மூடுவதற்குள் மேலாளர் வண்டிகளைத் திருப்பிக்கொண்டார். என்னையும் வேறிடத்துக்கு மாற்றினார்கள். மண் மூடிய பாதியில் கணவனும் மனைவியும் தை பிறந்ததும் உளுந்து விதைத்தார்கள். மறுபாதியை விற்கச் சொல்லிச் சுரங்கத்திலிருந்து இன்றும் ஆள் அனுப்புகிறார்களாம்.