பச்சை விளக்கு பொய் சொன்ன வெள்ளிக்கிழமை

எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சொல்ல வந்ததும் பாதியில் மறந்துபோகும். ஆனால் இந்த வாரம் நடந்ததை மறப்பேனா?

ஓசூரில் நான் கூட்டித் துடைக்கும் கம்பெனியில், இரும்பு வளையங்களை அளக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. வளையம் பெல்ட்டில் வரும். சென்சார் அளக்கும். அளவு சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு. பச்சை எரிந்ததை ரத்னம்மா பெட்டியில் அடுக்கித் தன் சீல் குத்துவாள்.

வியாழக்கிழமை, வாங்கினவர்களிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்துவிட்டது. உள்ளே பாதி வளையம் அளவு தப்பு. சீல்? ரத்னம்மாவுடையது.

"சிவப்பு எரியறப்ப யார்கிட்ட கதை பேசிட்டிருந்த?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு தடவகூட எரியலைங்க சார். தேவுடா! சாமி மேல ஆணை!"

"மெஷின் பொய் சொல்லுமா? திங்கக்கிழமையிலிருந்து வராத."

அவள் அழுதாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைத் துடைத்தேன். ஏனென்றால்... வெள்ளிக்கிழமைதோறும் காலையில் மெஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பவள் நான்தான். துடைக்கும்போது இடைஞ்சலென்று சென்சார் ஒயரைக் கழற்றி, பிறகு மாட்டுவேன். போன வெள்ளி சரியாக மாட்டினேனா? பஸ்ஸில் ஸ்டாப்பிங் கேட்கவே கூச்சப்படுகிறவள்... வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மேகலா வந்தாள். சென்சாரோடு பேசும் ப்ரோகிராமை எழுதியவள். அதற்கு 'டிரைவர்' என்று பெயராம். "அந்தப் பெட்டி என்னைக்கு ஓடுச்சு?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை காலைல" என்றாள் சம்பள பாக்கியை வாங்க வந்திருந்த ரத்னம்மா.

துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "மேடம்... அந்த ஒயர நான்தான்..."

திட்டுவாள் என்று பார்த்தால், குதித்தாள்! "நெஜமாவா ஆயாம்மா? எந்த ஒயரு? காட்டுங்க, காட்டுங்க!"

ஒயரைப் பாதி இழுத்துவிட்டு, தப்பான வளையத்தைப் பெல்ட்டில் வைத்தாள். பச்சை! இன்னொன்று. அதற்கும் பச்சை!

"பாத்தீங்களா சார்? பொய் சொல்லுது!" என்று சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

விஷயம் இதுதான். ப்ரோகிராம் சென்சாரிடம் "அள" என்று சொல்லிவிட்டு, காத்து நிற்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுமாம். பதில் வரும்போது வாங்கிக்கொள்ளும். ஆனால் அளவுக்குப் பதிலாக "முடியவில்லை" என்று எரர் வந்தால்? வந்திருக்கிறது! அதை வாங்கத்தான் ப்ரோகிராமில் வழியில்லை. கடைசியாக அளந்த நல்ல வளையத்தின் அளவை வைத்தே பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"ஒயரு கழண்டா ப்ரோகிராம்தான் சொல்லணும். தப்பு என்மேல" என்று மேகலா லேப்டாப்போடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். டீயைக்கூடத் தொடவில்லை. இனி எரர் வந்தாலும் சிவப்பு, பதில் வரத் தாமதித்தாலும் சிவப்பு. பெல்ட்டும் நின்றுவிட வேண்டும்.

"ஆயாம்மா, நீங்களே புடுங்குங்க!"

இழுத்தேன். சிவப்பு! பெல்ட் டக்கென்று நின்றது! திரும்ப மாட்டியும் நகரவில்லை. ஆள் பார்த்துப் பட்டனை அழுத்தினால்தான் ஓடுமாம். நான் கைதட்டினேன் — நானா!

"சரி ரத்னம்மா, திங்கக்கிழம வந்துடு" என்றார் சூப்பர்வைசர்.

"வரேன் சார். மொதல்ல மெஷின மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நாளா அந்த வாய எங்க வெச்சிருந்தக்கா?"

எரரை விழுங்கிவிட்டு இரண்டு நாள் நானும்தான் பச்சை காட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டிலும் தெருவிலும் நம்மில் எத்தனை பேர் அப்படி?

மேகலா, மெஷின் விஷயத்தை நான் மாற்றி எழுதியிருந்தால் சரிபார்த்துச் சொல்லம்மா — பெரியவள் என்று பார்த்துப் பச்சை போட்டுவிடாதே!