மங்கரே கிடங்கில் ரதர்க்ளென் மஸ்கட்

என் கணவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டுக் கடல் கடந்து வந்த நாட்டில், மங்கரே என்ற புறநகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தேன். த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசை விட்டுக் கிளம்பினால், திங்கள் காலை வரை யாரிடமும் வாய் திறக்காமல் போன வாரங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்து இருக்கைக்காரர் கைகொடுத்துச் சமாதானம் சொல்வார். அதையும் பேச்சு என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, ஆஸ்திரேலியாவில் ரதர்க்ளென் என்ற ஊரிலிருந்து ஒயின் தயாரிப்பவர் ஒருவர் வருகிறார், கிடங்கில் ருசி பார்ப்பார்கள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு ஒயினைப் பற்றித் தெரிந்ததெல்லாம், மலாயாவில் எங்கள் ஊரான ஈப்போவில், சர்ச்சில் நற்கருணை நேரத்தில் உதட்டை நனைக்கும் அந்த ஒரு மடக்குதான்.

நீள மேசையில் வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். ஒயினின் நிறம் அதில்தான் சரியாகத் தெரியுமாம். ரெஸ்டாரண்ட் நடத்துகிறவர்களும் கடைக்காரர்களுமாக எட்டு ஆண்கள். முதலில் சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின்கள் ஆறு, பிறகு சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்கள் நான்கு. வாயில் ஊற்றி, கொப்பளித்து, நடுவில் இருந்த வாளியில் துப்பினார்கள். கோட்டு போட்ட மனிதர்கள் வரிசையாகத் துப்புவதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவர் பிளம் பழ வாசனை என்றார், ஒருவர் பழைய தோல்பை என்றார், இன்னொருவர் புகையிலை என்றார். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன்.

ரதர்க்ளென்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வெயிலில் காய்ந்த கழுத்து. மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே வாட விட்டுப் பறிப்போம், தகரக் கொட்டகையில் பீப்பாயில் வைத்தால் வருஷக்கணக்கில் வெயில் தானே அதைச் சுண்ட வைக்கும் என்று சொல்லிக்கொண்டே கடைசிப் புட்டியைத் திறந்தார். எல்லாருக்கும் ஊற்றியவர் என் முன்னாலும் ஒரு கிளாஸ் வைத்தார். நான் எழுத வந்தவள் என்றேன்.

"பரவாயில்லை. உங்களுக்கு என்ன தெரிகிறது?"

அந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு என்ன தெரிகிறது என்று கேட்ட முதல் ஆள் அவர்.

பால் விடாத கோப்பி ஓ மாதிரிக் கறுத்திருந்தது. கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில் பாசிப்பச்சை. மோந்து பார்த்ததும், யோசிக்காமல், "கூலா மலாக்கா" என்று சொல்லிவிட்டேன். தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுக்கிற கறுத்த வெல்லம் அது. எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும். மேசையில் யாருக்கும் புரியவில்லை. ஒருவர் மரியாதைக்குச் சிரித்தார். பேச்சு வேறு பக்கம் போனது. நான் குனிந்து அந்தச் சொல்லையும் மற்றவற்றோடு எழுதிக்கொண்டேன்.

எல்லாரும் எழுந்து போனபின் அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இளவயதில் சிப்பாயாக மலாயாவில் இரண்டு வருஷம் இருந்தாராம். தைப்பிங்கில் முகாம். சவ்வரிசிக் களியின் மேல் அந்த வெல்லப் பாகை ஊற்றித் தருவார்களாம். கூட்டாளி ஒருவனை அங்கேயே புதைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்.

"வீட்டில் அந்த வெல்லத்தின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் விளக்க வேண்டும்" என்றார். பிறகு, உங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்டார்.

"யாரும் இல்லை. என் கணவர் போன வருஷம் இறந்துவிட்டார்."

ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லித் தெரிந்ததில்லை. என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர், நான் அந்தக் கிளாஸை முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். மறுநாள் விமானம் ஏறிப் போய்விட்டார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

நான் டைப் அடித்துக் கொடுத்த பட்டியலில் முதலாளி கூலா மலாக்கா என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கரும்புப் பாகைக் குறிக்கும் மொலாசஸ் என்ற சொல்லை எழுதினார். வாங்குகிறவர்களுக்குப் புரிய வேண்டாமா என்றார். நியாயம்தான். மிச்சமிருந்த அரைப் புட்டி மஸ்கட்டை எனக்கே கொடுத்தார்.

அந்த ஞாயிறு ஈப்போவில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பாதி சொல்வதற்குள் குறுக்கிட்டாள்.

"நீ குடிக்கவா ஆரம்பிச்சிட்ட?"

வேலைக்காகத்தான் என்றேன்.

"தனியா இருக்கிற பொம்பள. பாத்து இரு."

பிறகு தன் மகனுடைய பரீட்சையைப் பற்றிப் பேசினாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புட்டியில் இருந்ததை, ஞாயிறு மத்தியானம் சோறு தின்றபின் விரற்கடை அளவு ஊற்றிக் குடித்தேன். குளிர்காலம் வரை வந்தது.

அடுத்த மாதத்திலிருந்து ருசி பார்க்கும்போதெல்லாம் முதலாளி எனக்கும் ஒரு கிளாஸ் வைக்கச் சொன்னார். துப்பவும் பழகிக்கொண்டேன். ஆனால் வாய்விட்டு எதையும் சொல்வதில்லை. அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, எனக்குப் பட்டதைப் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்தேன்: புளித்த நெல்லிக்காய், ஈரச் சாக்கு, மழைக்கு முந்தின தகரம். அப்படி ஐந்து நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. அது என்ன எழுத்து என்று ஒருவர் ஒரு தடவை கேட்டார். தமிழ் என்றேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்காமல், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.